பொட்டு வைக்க இடமில்லாத பேனா

பேனா விற்கிறவனுக்குக் கை முழுக்க மை, வாங்க வருகிறவருக்கு வாய் முழுக்கக் குறை. இந்தத் தொழிலில் இதற்கு மேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. நீங்களும் ஏதாவது ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்பவரிடம் பல்லைக் காட்டியவராக இருந்தால், அல்லது ஒரு பேனாவை நம்பி வெள்ளைச் சட்டைப் பையில் செருகி ஏமாந்தவராக இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

மலாயா சுதந்திரம் அடைந்த வருஷம் அது. மலாக்காவில் பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு புத்தகக் கடையில் எனக்கு வேலை. குடியிருந்தது காஜா பேராங்கில். பள்ளிப் புத்தகம், சிலேட்டு, காகிதம், மைப்புட்டி எல்லாம் கிடைக்கும் கடை. வாசலுக்கு நேர் எதிரே இருந்த கண்ணாடிப் பெட்டி பேனாக்களுக்கு உரியது. அதற்குப் பின்னால் நின்ற அப்பாவி நான்தான்.

முதலாளியின் யோசனை

எங்கள் முதலாளி நல்ல மனிதர். ஆனால் சிங்கப்பூருக்குப் போய் வந்தால் மட்டும் கொஞ்ச நாளைக்கு நமக்குக் கஷ்டகாலம். போன இடத்தில் யாராவது ஒரு யோசனையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த முறை சொல்லி அனுப்பியது தெர்மாஸ் குடுவை. ஊரெல்லாம் தெர்மாஸ் வாங்குகிறதாம், பேனாப் பெட்டியைக் காலி செய்துவிட்டு அங்கே தெர்மாஸை அடுக்கினால் கடை எங்கேயோ போய்விடுமாம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. என் பெட்டியில் இருந்ததெல்லாம் விலை உயர்ந்த சீமைப் பேனாக்கள். வருகிறவர்கள் சன்னதியில் நிற்பதுபோல் நின்று தரிசித்துவிட்டுப் போய்விடுவார்கள். "தினசரி எழுத, சாதாரண சம்பளக்காரர் வாங்குகிற மாதிரி ஒரு பேனா வேணும் முதலாளி, அது இருந்தா ஓடும்" என்று நான் கெஞ்சினேன். அவர் தோல்பையிலிருந்து மாதிரிக்கு வந்த மூன்று பேனாக்களை எடுத்து என் முன்னால் போட்டார். சிங்கப்பூர் மொத்த வியாபாரி கொடுத்தனுப்பியவை. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

இதில் எனக்கு இருந்த நெருக்கடியை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? தை மாதத்தில் எனக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நகராண்மைக் கழகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் எனக்குப் பெண் தரச் சம்மதித்ததே இந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துத்தான். "வரப்போற மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் பேனா விக்கிறாரு" என்று காஜா பேராங் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் கிடங்கில் பனியனோடு காகிதக் கட்டுத் தூக்குகிறவனுக்குக் கொடுக்க அவரிடம் பெண் கிடையாது. இது முதலாளிக்கும் தெரியும். தெரிந்தும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தீர்ப்புச் சொன்னார்: "சரஸ்வதி பூஜை வரைக்கும் டைம். பேனா ஓடுச்சுன்னா நீ இங்க நில்லு. ஓடலன்னா இங்க தெர்மாஸ் நிக்கும், நீ கிடங்குல நிப்ப."

சட்டையும் டோபியும்

பேனாவைச் சோதிப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குத் தோன்றியபடி சோதித்தேன். பில் போடும் மட்டக் காகிதத்தில் எழுதினேன். பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுதினேன். காலையில் மை ஊற்றி மதிய வெயிலில் எழுதினேன். பச்சைப் பேனா பார்க்க அழகு, தங்க நிறத்தில் அகலமான நிப்பு, கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. சிவப்பின் நிப்பு கூராக இருந்தது, எழுத்து மெலிசாக விழுந்தது. கறுப்பு பார்க்கச் சகிக்காது. அதன் நிப்பு முழுவதும் உள்ளே மறைந்து, நுனி மட்டும் எறும்பின் தலைபோல வெளியே எட்டிப் பார்த்தது. ஆனால் சொன்ன சொல் கேட்கும் பேனா. திறந்ததும் எழுதியது, விட்ட இடத்திலிருந்து எழுதியது, முரண்டு பிடிக்கவில்லை.

கடைசிச் சோதனை சைக்கிள். காஜா பேராங்கிலிருந்து கடைக்கு வரும் சாலையில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிதித்தேன். சிவப்பு தப்பித்தது. கறுப்பும் தப்பித்தது. பச்சைப் பேனா, கடை வருவதற்குள் ஊற்றிய மை முழுவதையும் என் நெஞ்சிலேயே கக்கிவிட்டது. ஏதோ எனக்கும் அதற்கும் இடையில்தான் தகராறு என்று நினைத்து மறுபடி ஒரு நாள் சோதித்தேன். மறுபடி நெஞ்சு நீலம். எங்கள் தெரு டோபி அந்தச் சட்டைகளைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, என் மேல் உண்மையான அக்கறையோடு சொன்னார்: "அண்ணே, இனிமே ரெண்டு பக்கமும் பாக்கெட்டு வச்சுத் தச்சு, ரெண்டுலயும் பேனா வைங்க. ஒரு பக்கம் மட்டும் நீலமா இருந்தாத்தான் கறைம்பாங்க, ரெண்டு பக்கமும் இருந்தா டிசைன்னு விட்டுருவாங்க."

வலமிருந்து வந்த சோதனை

சிவப்பைப் பற்றி நான் நல்ல அபிப்பிராயத்தில் இருந்தேன். அந்த அபிப்பிராயத்தைக் கெடுக்க புக்கிட் காதிலிலிருந்து ஒருவர் வந்தார். மலாய்ப் பள்ளி ஆசிரியர். தூய வெள்ளைச் சட்டை, தலையில் சொங்கோக் தொப்பி. விலை மலிவாக, நாள் முழுக்க எழுத ஒரு பேனா கேட்டார். சிவப்பைப் பெருமையாக நீட்டினேன். அவர் எழுதியது ஜாவி, அதாவது அரபு எழுத்தில் மலாய். வலமிருந்து இடமாகப் போகும். நாம் நிப்பை இழுத்துக்கொண்டு போகிறோம், அவர் தள்ளிக்கொண்டு போகிறார். இந்தச் சின்ன விஷயம், பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய என் புத்திக்கு எட்டவே இல்லை. நிப்பு காகிதத்தில் குத்தி நின்றது. அவர் இன்னும் கொஞ்சம் தள்ளினார். காகிதம் கிழிந்து, நிப்பு துள்ளி, அவருடைய கை மடிப்பில் பொட்டுப் பொட்டாக மை தெறித்தது.

நான் பதறிப்போய் மை ஒற்றும் தாளை எடுத்து அவர் சட்டையில் ஒற்றப் போனேன். அவர் சாந்தமாகக் கையை இழுத்துக்கொண்டார். கறுப்பை எடுத்துக் கொடுத்தேன். அது வழுக்கிக்கொண்டு ஓடியது, வலம் இடம் எதையும் அது பொருட்படுத்தவில்லை. வாங்கிக்கொண்டார். கறுப்பை வாங்கிய முதல் ஆள் அவர்தான், வெகுநாள் வரை கடைசி ஆளும் அவர்தான். போகும்போது சிவப்பைச் சுட்டிக்காட்டி, மரியாதை குறையாமல் மலாயில் கேட்டார்: "இந்தக் கடையில் தையல் ஊசியும் விற்கிறீர்களா?"

குடியுரிமைப் பாரம்

சிவப்பைத் திருப்பி அனுப்பினோம். பச்சையில் ஒரு பெட்டி, கறுப்பில் ஒரு பெட்டி என்று வரவழைத்தார் முதலாளி. பச்சை அவர் கட்சி, கறுப்பு என் கட்சி. பச்சை ஓடினால் அது அவர் கணக்கு, கறுப்பு ஓடினால்தான் நான் பெட்டிக்குப் பின்னால் நிற்கலாம் என்றும் சொல்லிவிட்டார். சரக்கு வந்த நேரத்தில் ஊரில் எல்லோர் கையிலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் பாரம். எல்லோரும் எதையாவது எழுதியாக வேண்டும், இனிமேல் பேனா பறக்கும் என்று கணக்குப் போட்டேன்.

குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவைக் காட்டச் சொன்னார். கறுப்பைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு இங்கிலீசு எழுத வராது. நீங்களே எழுதுங்க, எப்படி ஓடுதுன்னு நான் பாக்குறேன்" என்று சட்டைக்குள்ளிருந்து பாரத்தை எடுத்து நீட்டினார். விற்பனை என்று வந்துவிட்டால் வெட்கம் பார்க்கலாமா? எழுதினேன். அவர் பெயர், அவர் அப்பா பெயர், கப்பலில் வந்த கதை, ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த தோட்டம், எல்லாவற்றையும் எழுதினேன். பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கடைசியில் அவரே வாங்கி, மூலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போட்டார். சுழி அழகாக விழுந்தது. விற்றுவிட்டது என்று நான் உறையை எடுத்தேன். அவர் வாசல் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். வெளியே காத்திருந்த அவருடைய சிநேகிதர்கள் ஆளுக்கொரு பாரத்தோடு உள்ளே வந்தார்கள்.

எல்லாருக்கும் எழுதினேன். விரல் வீங்கிப்போனது. என் மை, என் மை ஒற்றும் தாள், என் மத்தியானம். எல்லாம் முடிந்ததும் பேனாவை உறையில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை மெதுவாக என் பக்கமே நகர்த்தினார். "பேனா அருமைலா. ஆனா எனக்கு எதுக்கு? இந்த ஊர்லயே இருந்துக்குறேன்னு ஒரு தடவ எழுதிக் குடுத்தாப் போதும்ல?"

கண் இல்லாத பேனா

காஜா பேராங்கில் என் அண்டை அயலாரில் பாதிப் பேர் மலாக்காச் செட்டிகள். நெற்றியில் திருநீறு, கட்டுவது சாரோங், பேசுவது மலாய். நம்மைப்போலவே எல்லாப் பூஜையும் உண்டு, குறை சொல்வதிலும் நமக்கு இளைத்தவர்கள் இல்லை. அந்தத் தெரு அம்மாள் ஒருவர் பள்ளியில் படிக்கும் மகனுக்குப் பேனா வாங்க வந்தார். தெரிந்த முகம், நம் வார்த்தையை நம்புவார் என்று கறுப்பைக் கையில் கொடுத்தேன். கசியாது, உடையாது, பிள்ளை எப்படிப் போட்டு உருட்டினாலும் எழுதும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் பாடமே நடத்தினேன்.

அவர் மூடியைத் திறந்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். மலாயில் நிப்பைப் பேனாவின் கண் என்பார்கள். அந்தக் கண்ணைத்தான் தேடினார். உள்ளே இருக்கிறது என்று நுனியைத் தொட்டுக் காட்டினேன். என் விரலில் மை ஒட்டியதுதான் மிச்சம். உதட்டைப் பிதுக்கிவிட்டு, பக்கத்தில் தங்கமாக மின்னிய பச்சையை எடுத்துக்கொண்டார். கறுப்பைப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டு, அதன்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்: "பாவம், இது குருட்டுப் பேனா."

மாமாவின் சனிக்கிழமை

சனிக்கிழமை மத்தியானம் அலுவலகம் விட்டதும் என் வருங்கால மாமனார் கடைப் பக்கம் வருவார். கையில் குடை இருக்கும். எதிர்வரிசையில் நின்று, நான் பெட்டிக்குப் பின்னால்தான் நிற்கிறேனா, சட்டை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாலையைக் கடப்பார். தெர்மாஸ் சங்கதி அவர் காதுக்கு எட்டிவிடக் கூடாதே என்று அவர் வரும்போதெல்லாம் முதலாளிக்கு முந்திக்கொண்டு நானே பேச்சுக் கொடுப்பேன்.

அன்றைக்கு உற்சாகமாக வந்தார். "தம்பி, புதுப் பேனா ஒண்ணு குடுங்க. பூஜையில வச்சு எடுத்து, விஜயதசமி அன்னிக்கு அதாலேயே உங்க கல்யாணப் பத்திரிகைய எழுதி அச்சாபீசுக்குக் குடுக்கப்போறேன்" என்றார். என் கல்யாணப் பத்திரிகை! நல்ல பேனாவாகத்தானே கொடுக்க வேண்டும்? கறுப்பை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பச்சை கசியும் மாமா என்று சொல்லிப் பார்த்தேன். சட்டைக் கதையைக்கூடச் சொன்னேன். பெண் கொடுக்கிறவரிடம் எந்த மாப்பிள்ளை ஜெயித்திருக்கிறான்? பச்சையையே வாங்கிக்கொண்டார். அதோடு விட்டாரா? அடுத்த வாரம் அலுவலகச் சிநேகிதர்களையும் கூட்டிவந்து ஆளுக்கொரு பச்சை வாங்கிக்கொடுத்தார். கறுப்பை எடுக்கப்போன ஒருவர் கையைத் தடுத்து அவர் சொன்னது இது: "நிப்பு வெளிய தெரியணும்லா. பூஜையில வச்சா இதுல எங்க பொட்டு வைக்கிறது?"

தெர்மாஸ் வந்தது

பூஜைக்கு முந்தின நாள் பச்சைப் பெட்டி கிட்டத்தட்டக் காலி. கறுப்பு வந்தது வந்தபடியே இருந்தது. தெர்மாஸ் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கி, எனக்குப் பக்கத்திலேயே அடுக்கப்பட்டன. குனிந்தால் தெர்மாஸ், நிமிர்ந்தால் தெர்மாஸ். ஆத்திரமாக வந்தது. நல்ல பேனா எது என்று தெரிந்து வைத்திருப்பது இவ்வளவு பெரிய குற்றமா?

சரஸ்வதி பூஜை அன்று முதலாளி கடையில் படத்தின் முன்னால் தாம்பாளத்தில் பேனாக்களை வைத்தார். எல்லாவற்றிலும் மை ஊற்றி வைத்திருந்தேன். பச்சை ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றி, அந்தத் தங்க நிப்பின் மேல் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். "முதலாளி, நிப்புல வேணாமே" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த நிப்பில் அப்பினார். கறுப்புப் பேனா முறை வந்தது. மூடியைக் கழற்றினார், பொட்டு வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. சலித்துக்கொண்டு மறுபடி மூடி, மூடியின் மேலேயே ஒரு பொட்டு வைத்துக் கடமையை முடித்தார். கற்பூரம் காட்டிவிட்டு, திருநீறு பூசிய கையோடு என் தோளைத் தட்டினார்: "நாளைக்குக் கறுப்பெல்லாம் கிடங்குக்குப் போகட்டும். நீயும் கூடவே போ, அதுக்குத் துணையா இருக்கும்."

விஜயதசமி காலை

காலையில் முதலாளி குளித்து, பட்டு வேட்டி கட்டி, புதுக் கணக்கில் பிள்ளையார் சுழி போட உட்கார்ந்தார். தாம்பாளத்திலிருந்து ஒரு பச்சையை எடுத்தார். போட்டார். ஒன்றும் விழவில்லை. அழுத்திப் போட்டார். வெறும் கீறல். நிப்பின் பிளவில் சந்தனம் இறுகி, உள்ளே மை காய்ந்து, பேனா அடைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பச்சையை எடுத்தார். அதுவும் அப்படித்தான். நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வாசலில் கூட்டம். நகராண்மைக் கழகத்துச் சிநேகிதர்கள், சாரோங் கட்டிய அந்தச் செட்டி அம்மாள், இன்னும் யார் யாரோ. எல்லார் கையிலும் பச்சை, எல்லா நிப்பிலும் சந்தனம், எல்லார் வாயிலும் என் பெயர். எழுதாத பேனாவை விற்ற அயோக்கியன் நான்தானாம். வெந்நீரில் கழுவினால் சரியாகிவிடும் என்றேன். யார் கேட்டார்கள்? நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று கத்தினார்கள்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா வந்தார். குடையைக்கூட மடக்கவில்லை. கையில் வெள்ளைத் தாள். அதன் தலையில் மையில்லாத சுழி, கீறல் மேல் கீறலாக. "தம்பி, சுழியே விழல. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். வீட்டுல அபசகுனங்கிறாங்க. தையில வேணாம், தள்ளிப்போடுவோம்னு பெரியவங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க" என்றார். பேனாப் பெட்டி போனது போகட்டும், அந்தப் பெண்ணை இழப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அவர் பேனாவை வாங்கி, நகத்தால் நிப்பைச் சுரண்டிக் காட்டினேன். மஞ்சளாகப் பொடிந்து தாள்மேல் உதிர்ந்தது. "மாமா, இது அபசகுனம் இல்ல. சந்தனம்."

தாம்பாளத்திலிருந்த கறுப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணை மூடி ஒரு தடவை முணுமுணுத்துவிட்டு, தாளைத் திருப்பி வைத்துச் சுழி போட்டார். ஒரே இழுப்பில் நீலமாக, முழுசாக விழுந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்படியே நின்றபடி பெண் பெயர், என் பெயர், முகூர்த்தம் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மை ஒற்றும் தாளால் துடைத்ததில் முகமெல்லாம் நீலம். பின்னால் நின்ற கைகள் எல்லாம் கறுப்புப் பெட்டிக்குள் நுழைந்தன. முதலாளி தம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெர்மாஸ் பெட்டிகளைத் தாமே கிடங்குக்குத் தூக்கினார். போகிற போக்கில், "நான் அப்பவே நினைச்சேன், கறுப்புதான் ஓடும்னு" என்றார்.

மாமா தாளை மடித்துப் பையில் வைத்தார். கறுப்பை மூடினார். மூடி மேல் காய்ந்திருந்த குங்குமத்தைத் தடவிப் பார்த்தார். முகத்தில் இன்னும் தெளிவில்லை. கூட்டத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "எழுதுறது நல்லாத்தான் எழுதுது தம்பி. ஆனா இது மூடிக்கு வச்ச பொட்டுல்ல? பேனாவுக்கு எங்க வைக்கிறது?"

தை மாதப் பத்திரிகையில் மாமா என் பெயருக்குப் பக்கத்தில் 'பேனா வியாபாரம்' என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் 'கிடங்கு' என்று வராமல் தப்பித்ததில் என் பரிசோதனைக்கு ஒரு பங்கும் இல்லை, ஊரே சேர்ந்து அப்பிய சந்தனம்தான் எனக்குக் கல்யாணம் பண்ணி வைத்தது.